மின் அதிர்ச்சிக்குப் பின் சிகே-எம்பி அளவு கூடியிருந்தால் இதயம் பாதிக்கப்பட்டது என்று பொருளா?

இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். நெஞ்சுவலியோ படபடப்போ இப்போது இருந்தால் பதிலுக்குக் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். இல்லையெனில், சிகே-எம்பி (முக்கியமாக இதயத் தசையில் இருக்கும், தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கலக்கும் ஒரு நொதி) என்ற அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து இதயம் பாதிக்கப்பட்டதாக முடிவு கட்ட இயலாது. நான் மருத்துவன் அல்லன், பட்டதைச் சொல்கிறேன்.

பழுதான மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலக்கை அதன் மீதும் இடக்கை இரும்புக் குழாயிலும் இருந்ததால், மின்சாரம் நெஞ்சைக் கடந்து சென்றது. விரல்கள் தாமாகவே இறுகிக்கொள்ள, தம்பி மெயின் சுவிட்சை அணைக்கும் வரை என்னால் பிடியை விட முடியவில்லை. சில நொடிகள் நினைவும் தப்பிவிட்டது. உள்ளங்கையில் மிளகளவு சாம்பல் நிறப் புள்ளி ஒன்றைத் தவிர வெளிக்காயம் ஏதுமில்லை, ஆனால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாதபடி முன்கைகள் இரண்டும் விறைத்திருந்தன.

ஈசிஜி சீராக இருந்தும், சிகே-எம்பி கூடியிருப்பதைப் பார்த்த பணி மருத்துவர் இதயத் தசை சேதமடைந்துவிட்டதாக என் மனைவியிடம் சொல்லிவிட்டார். இரவில் வந்த மூத்த மருத்துவர் என் முன்கையை அழுத்தி, நான் அலறியதும், "இது இங்கிருந்து வந்தது" என்றார். கை கால் தசைகளிலும் சிகே-எம்பி சிறிதளவு உண்டு என்பதால், அவை பெருமளவில் அடிபட்டால் இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடுமாம். இதயத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடிய டிரோபோனின் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை செய்தார்கள். இருமுறையும் இயல்பாகவே இருந்தது. எக்கோ எனும் இதய ஸ்கேனிலும் இதயச் சுவர்களின் அசைவில் குறையில்லை.

வீட்டு மின்சாரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். 1,000 வோல்ட்டுக்குக் குறைந்த மின்சாரம் தாக்கி, மயக்கமோ நெஞ்சுவலியோ இன்றி ஈசிஜியும் இயல்பாக இருப்பவர்களைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது உண்மைதான். நான் நினைவிழந்ததால்தான் 24 மணி நேரம் மானிட்டரில் வைத்திருந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்சார்ஜ் அறிக்கையில் "இதயத் தசைச் சேதம்" என்ற வரி அப்படியே இருந்தது. திருத்தித் தருமாறு கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்றார்கள். அதைப் படிக்கும் ஒவ்வொரு மருத்துவரும் இன்றுவரை எனக்கு எப்போது மாரடைப்பு வந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்.