காரீயக் குழாய்க் கடிதம்: எந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது

கேள்வி: நியூ ஜெர்சியில் 1941-இல் கட்டிய வீட்டைப் போன வருடம் வாங்கினோம். "உங்கள் சர்வீஸ் லைன் (தெருவின் மெயின் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய்) கால்வனைஸ்டு, மாற்ற வேண்டும்" என்று லெட், அதாவது காரீய எச்சரிக்கையோடு தண்ணீர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பேஸ்மென்ட்டில் அந்தக் குழாயில் காந்தம் ஒட்டுகிறது. லெட் குழாயில் ஒட்டாது என்கிறார்களே? அதே வாரம் ஒருவர் வாசலுக்கு வந்து இலவசமாகத் தண்ணீரைச் சோதித்துக் காட்டினார், டம்ளரில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. 6,800 டாலருக்குக் குழாயும் ஃபில்டரும் போட்டுத் தருகிறாராம், அரசாங்கப் பணத்தையும் அவரே வாங்கித் தருவாராம். எட்டு மாதக் குழந்தை பவுடர் பால் குடிக்கிறது. கையெழுத்துப் போடலாமா? தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதாதா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். கொதிக்க வைப்பதும் போதாது. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். காரீயம் அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற மிச்சமிருப்பதில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

முதலில் இன்று இரவுக்கான பாலைப் பார்ப்போம். குழாய் மாற்றுவதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஆறு முறை பால் கரைக்க வேண்டும். அதனால் கடைக்குப் போய் ஒரு ஃபில்டர் ஜக் அல்லது குழாய் நுனியில் மாட்டும் ஃபில்டர் வாங்குங்கள். பிராண்டைப் பார்க்காதீர்கள். அட்டைப்பெட்டியில் "என்எஸ்எஃப்/ஆன்சி 53" (NSF/ANSI 53) என்ற தரச்சான்று எண்ணும், அதோடு லெட் குறைக்கும் என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 42 என்ற எண் மட்டும் இருந்தால் அது குளோரின் வாடையையும் ருசியையும் சரிசெய்கிற ஃபில்டர். ஒரே கம்பெனி ஒரே மாதிரி ஜக்குக்கு இரண்டு வகை கார்ட்ரிட்ஜும் விற்கிறது, மலிவானது பெரும்பாலும் 42 தான். வீட்டில் ஏற்கனவே ஆர்.ஓ. இருந்து அதற்கு லெட் குறைக்கும் என்ற சொல்லோடு 58 என்ற சான்று இருந்தால் அதுவே போதும். யு.வி. விளக்கு காரீயத்தை எதுவும் செய்யாது.

ஃபில்டரில் சுடுதண்ணீர் விடக்கூடாது. சமையலுக்கும் பாலுக்கும் எப்போதும் குளிர்ந்த குழாயிலிருந்தே பிடியுங்கள். அரிசி சீக்கிரம் வேகட்டும் என்று சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதை இன்றே விடுங்கள். சூடான தண்ணீர் காரீயத்தை அதிகமாகக் கரைக்கும். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவப் பயமில்லை, காரீயம் தோல் வழியாக உடம்புக்குள் போகாது.

காலையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால் அங்குலக் குழாயில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 அடி நீளத்துக்கு நிற்கும். தெருவின் மெயின் குழாயிலிருந்து உங்கள் அடுப்படி வரை 60 அடி என்றால் ஐந்தாறு லிட்டர் இரவெல்லாம் குழாயிலேயே ஊறிக் கிடக்கிறது. நீங்கள் கொட்டுவது அடுப்படிக் குழாயில் நின்ற தண்ணீர். சர்வீஸ் லைனில் நின்றது அதற்குப் பிறகுதான் வரும். முதலில் யாராவது குளிக்கட்டும், பிறகு சமையலுக்குப் பிடியுங்கள்.

இனி காந்தத்துக்கு வருவோம். நீங்கள் சோதித்தது சரிதான், உங்கள் வீட்டுக்குள் வருவது காரீயம் அல்ல. ஊரில் ஜி.ஐ. பைப் என்கிறோமே, துத்தநாகம் பூசிய அந்த இரும்புக் குழாய்தான். சாவியால் சுரண்டினால் காரீயம் மெழுகு மாதிரி வழித்துக்கொண்டு வரும், உள்ளே வெள்ளியாய் மின்னும், காந்தம் ஒட்டாது. தாமிரம் புதுக் காசு நிறத்தில் இருக்கும். ஜி.ஐ. மங்கலான சாம்பல் நிறம், காந்தம் பிடிக்கும். அப்படியானால் கடிதம் ஏன்? மீட்டர் வரையுள்ள குழாய் முழுவதும் ஒரே உலோகமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பழைய ஊர்களில் மெயினிலிருந்து நடைபாதை வால்வு வரை காரீயமும், அங்கிருந்து வீடு வரை ஜி.ஐ.யும் போட்டிருப்பார்கள். ஜி.ஐ.யின் துத்தநாகப் பூச்சு போனதும் உள்ளே துரு ஏறிச் சொரசொரப்பாகிவிடும். மேலே காரீயக் குழாயிலிருந்து வரும் துகள்களை அந்தத் துரு ஐம்பது அறுபது வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறது. தெருவில் பள்ளம் தோண்டினாலோ, பக்கத்தில் பஸ் அதிர்ந்து போனாலோ, வால்வைச் சட்டென்று திறந்தாலோ அந்தத் துரு பெயர்ந்து டம்ளரில் விழும். மேலேயுள்ள காரீயத் துண்டை எப்போதோ எடுத்துவிட்டிருந்தாலும் ஜி.ஐ.க்குள் ஏறியது போகாது. அதனால்தான் மத்திய விதி இதையும் மாற்ற வேண்டிய குழாயாகக் கணக்கிடுகிறது, நியூ ஜெர்சி சட்டம் ஜி.ஐ. இணைப்பைக் காரீய இணைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த நாலு வரியைக் கடிதத்திலேயே சாதாரண ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நீங்கள் காந்தத்தை வைத்துக்கொண்டு குழம்பியிருக்க வேண்டாம். இரண்டு பக்கச் சட்ட வாசகத்தை அனுப்பிவிட்டு, "மக்கள் அக்கறை காட்டுவதில்லை" என்று சொல்லும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

இப்போது அந்தப் பழுப்புத் தண்ணீர். இது பழைய வித்தை, சென்னையிலும் ஆர்.ஓ. விற்க இதைத்தான் காட்டுகிறார்கள். டம்ளருக்குள் விடும் அந்தக் கருவியில் இரும்புக் கம்பி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் கம்பிதான் கரைந்து துருவாக மிதக்கிறது. குழாய்த் தண்ணீரில் இயல்பாக உள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் அது பழுப்பாகும். அவர் பக்கத்தில் வைத்த "சுத்தமான" தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் பாயாது, அதனால் தெளிவாக இருக்கும். காரீயமே இல்லாத நல்ல தண்ணீரும் இந்தச் சோதனையில் சேறாகத்தான் மாறும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் அப்படியே. அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று எண்ணும். காரீயத்தை நூறு கோடியில் எத்தனை பங்கு என்று அளக்க வேண்டும். மத்திய விதி 1991 முதல் வைத்திருந்த நடவடிக்கை அளவு (தாண்டினால் தண்ணீர் கம்பெனி நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு) 15, அதை 10 ஆகக் குறைத்து 2024 அக்டோபரில் புதிய விதி வந்தது. பதினைந்து பங்கு காரீயம் இருந்தாலும் டி.டி.எஸ். மீட்டரில் ஒரு இலக்கம்கூட நகராது. காரீயத்துக்கு நிறமும் வாடையும் ருசியும் இல்லை. ஆய்வகம் ஒன்றுதான் வழி.

தண்ணீர் கம்பெனியிடமே சோதனை பாட்டில் கேளுங்கள், பல கம்பெனிகள் இலவசமாகத் தருகின்றன. இல்லையென்றால் மாநிலச் சான்று பெற்ற ஆய்வகத்துக்கு நேரடியாக அனுப்புங்கள், செலவு பொதுவாக 100 டாலருக்குள் முடியும். குறைந்தது ஆறு மணி நேரம் வீட்டில் எந்தக் குழாயும் திறக்காமல் இருந்து, ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அடுப்படிக் குளிர் குழாயிலிருந்து முதல் சொட்டையே பிடிக்க வேண்டும். நடுவில் மூடாமல் ஒரு லிட்டர் பாட்டில் ஐந்தைத் தொடர்ச்சியாக நிரப்பி, முதலாவதையும் ஐந்தாவதையும் கொடுங்கள். முதலாவது உங்கள் வீட்டின் உட்குழாய், அதன் இணைப்புகளில் உள்ள பற்றாசு (சால்டர்) பற்றிச் சொல்லும். ஐந்தாவது சர்வீஸ் லைனைப் பற்றிச் சொல்லும். ஒன்று மட்டும் எடுத்து "எல்லாம் சரி" என்று வந்தால் நம்பி உட்காராதீர்கள், துகளாக உதிரும் காரீயம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

அரசாங்கப் பணத்தை வாங்கித் தருகிறேன் என்பது பச்சைப் பொய். 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் காரீயக் குழாய்களை மாற்ற 1,500 கோடி டாலர் ஒதுக்கியது, 2022 முதல் 2026 வரை நிதியாண்டுக்கு 300 கோடி. அந்தப் பணம் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையிலிருந்து மாநில நிதிக்குப் போகிறது. நியூ ஜெர்சியில் அதன் பெயர் வாட்டர் பேங்க். அங்கே விண்ணப்பிப்பது தண்ணீர் கம்பெனி அல்லது நகராட்சி. வீட்டுக்காரர் விண்ணப்பிக்க அதில் இடமே இல்லை, புரோக்கருக்கு எங்கிருந்து இடம்? தொகையில் 49 விழுக்காடு திருப்பிக் கட்ட வேண்டாதது, மீதி கடன். அது மெல்ல எல்லோருடைய தண்ணீர் பில்லிலும் ஏறும். ஆக, நீங்கள் ஏற்கனவே இதற்குக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், 6,800 டாலர் எதற்கு? சொந்தச் செலவில் மாற்றியவர்களுக்குப் பணம் திருப்பித் தரும் திட்டம் சில ஊர்களில் இருக்கிறது. அதையும் தண்ணீர் கம்பெனி எழுத்தில் சொன்ன பிறகே நம்புங்கள், வேலை முடிந்தபின் கேட்டால் கைவிரிப்பார்கள்.

இந்த நிதி உங்கள் மனைக்குள் இருக்கும் துண்டுக்கும் பொருந்தும். வீட்டின் உட்குழாய், பழைய பித்தளைக் குழாய்த்தலை, 1986-க்கு முந்தைய பற்றாசு எதற்கும் பொருந்தாது.

நியூ ஜெர்சியில் 2021 ஜூலைச் சட்டப்படி 2031-க்குள் எல்லாக் காரீய இணைப்பும் போக வேண்டும். பத்து வருடக் கெடு கொடுத்தால் பத்தாவது வருடம் வரை இழுப்பார்கள். நெவார்க் நகரம் 2019-இல் தொடங்கி மூன்றே ஆண்டில் சுமார் 23,000 இணைப்புகளை வீட்டுக்காரரிடம் ஒரு காசு வாங்காமல் மாற்றியது. மனம் இருந்தால் ஆகிற வேலைதான் இது. அதே நெவார்க்கில், காரீயத்தை மண்ணுக்குள் விட்டுவிட்டு மாற்றியதாகக் கணக்குக் காட்டினார்கள் என்று ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் தலைவர் மீதும் மேற்பார்வையாளர் மீதும் 2024-இல் மத்திய அரசு வழக்குப் போட்டது. ஆகவே உங்கள் முறை வரும்போது பள்ளத்தை மூடுமுன் இரண்டு முனைகளையும் நீங்களே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் வேறு. குழாய் மாற்ற ஆட்கள் உங்கள் மனைக்குள் வர அனுமதி தரும், தண்ணீர் கம்பெனி அனுப்பும் நுழைவு ஒப்புதல் படிவம் அது. பயந்துகொண்டு அதை மேசை டிராயரில் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம், அவர்களுடைய வீட்டைத் தாண்டி ஆட்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். பில்லில் உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள், கடிதத்தோடு வந்த நோட்டீஸில் உள்ள எண்ணை அல்ல. மூன்று கேள்வி கேளுங்கள்: என் தெரு எந்த வருடம், என் பக்கத்துத் துண்டுக்கு யார் செலவு, கைக்குழந்தை இருப்பதால் முன்னால் எடுப்பீர்களா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். தெருப் பக்கத்தை மட்டும் மாற்றுகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். பாதி வெட்டிய பழைய குழாய் அதிர்ந்து, பல வாரம் முன்பைவிட அதிகமாகக் காரீயத்தை உதிர்க்கும்.

அந்த வாசல் ஆளிடம் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்ட அண்டை வீட்டார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: வீட்டுக்கு வந்து செய்த விற்பனையை மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரை ரத்து செய்ய மத்திய விதி இடம் தருகிறது. எழுத்தில் அனுப்ப வேண்டும், பதிவுத் தபால் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்குக் காரீயத்துக்கான ரத்தப் பரிசோதனை பன்னிரண்டாம் மாதமும் இருபத்து நாலாம் மாதமும் என்பது மாநில விதி. நீங்கள் காத்திருக்க வேண்டாம், கடிதத்தைக் காட்டி இப்போதே கேளுங்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பது கவனிக்க வேண்டிய எல்லை. எண் கூடியிருந்தால் தண்ணீரை மட்டும் குறை சொல்லாதீர்கள். 1978-க்கு முந்தைய வீட்டில் சன்னல் சட்டத்துப் பெயிண்ட் முதல் சந்தேகம். ஊரிலிருந்து வந்த பொட்டலம் போடாத மஞ்சள்தூள், கண்மை, குங்குமம் அடுத்தது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, காரீயம் அல்ல. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். ஆனால் கலப்படச் சொம்பு கடையில் உண்டு, இந்த வீட்டில் அதை இப்போதைக்குப் பரணில் வையுங்கள்.

குழாய் மாற்றும் நாளன்று ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் கம்பியை இந்த உலோகக் குழாயில்தான் கவ்வியிருப்பார்கள். புதிதாக பிளாஸ்டிக் குழாய் வந்தால் எர்த் போய்விடும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தரையில் கம்பி இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாக் குழாய் நுனியிலும் உள்ள ஏரேட்டர் வலையைக் கழற்றிவிட்டு, பேஸ்மென்ட்டில் தொடங்கி மேல்மாடி வரை குளிர் குழாய்களை முழுதாகத் திறந்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். அதுவரை சுடுதண்ணீரும் ஐஸ் மெஷினும் வேண்டாம். வலையில் சாம்பல் பொடி தெரியும், கழுவிவிட்டு மாட்டுங்கள். அடுத்த ஆறு மாதம் பால் கரைப்பது 53 ஃபில்டரில்தான். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை முதல் லிட்டரையும் ஐந்தாம் லிட்டரையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.