நாலு புத்தகம், மூன்று விடை

கேள்வி: அக்கா, நான் மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளித் தேர்வு) படிக்கிறேன். வேதியியலுக்குப் பள்ளிப் புத்தகம், அண்ணனின் பழைய புத்தகம், லெசோன் (டியூஷன்) சார் தந்த நோட்ஸ், நூலகத்தில் எடுத்தது என்று நாலு வைத்திருக்கிறேன். நாலையும் படிக்கிறேன், ஒன்றும் மனசில் நிற்கவில்லை. ஒரு மோல் (துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) வாயுவின் கன அளவு ஒன்றில் 22.4 லிட்டர், ஒன்றில் 24, இன்னொன்றில் 22.7. எதை நம்புவது?

பதில்: மூன்றையும் நம்பலாம் தங்கச்சி! வாயு பிடிக்கிற இடம் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. 0 டிகிரியில், 1 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் 22.4. அறை வெப்பநிலையில் 24. 1982-ல் ஐயூபேக் என்ற உலக வேதியியல் அமைப்பு, கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் திட்ட அழுத்தத்தை 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 பார் என்று மாற்றியது. அழுத்தம் கொஞ்சம் குறைந்ததால் அதே 0 டிகிரியில் 22.7 ஆகிவிட்டது. உன் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கான தரவுப் பட்டியலில் 22.4-உம் 24-உம் இருக்கும், அவை போதும். ஆனால் அந்த எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று தேடினாய் பார், அப்போதுதான் பாடம் உள்ளே போகிறது. தனிம அட்டவணையில் குளோரின் போன்ற ஹாலஜன்களை அண்ணன் புத்தகம் 7-ஆம் தொகுதி என்றும் உன்னுடையது 17 என்றும் சொன்னால் பதறாதே, எண் போடும் முறைதான் மாறியது.

நாலையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதுதான் உன் தப்பு. இப்போதைய பாடத்திட்டத்துக்கு எழுதிய ஒன்றை மட்டும் முழுசாகப் படி. அதில் ஒரு பத்தி புரியாமல் முட்டும்போது, அந்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் இன்னொன்றைத் திற. நோட்ஸ் வேறு ஒருவர் மென்ற சோறு, கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார். நானும் ஒருகாலத்தில் பக்கமெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர் பூசியவள்தான். நோட்டு அழகாக இருந்தது, மார்க் அப்படியில்லை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டால், திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கே கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்ததை மூடி எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உனக்குத் தேர்வு ஐந்து நிமிடத்திலா வரப்போகிறது?

அண்ணன் புத்தகத்தில் அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டு, கணக்குப் பயிற்சிக்கு வைத்துக்கொள். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு, அபராதமாவது மிச்சம்.