பந்தைக் கவ்வினால்தான் தூங்குகிறானா?

கேள்வி: என் கணவர் வேலை விஷயமாக வெளிநாடு போய் ஆறு மாதம் ஆகிறது. ஜூன் கடைசியில் நானும் 9 வயது மகளும் போகிறோம். கோடையில் 45 டிகிரி வரை வெயில் அடிக்கும் ஊர். எங்களிடம் புஜ்ஜி என்று ஐந்து வயது பக் நாய் இருக்கிறான், 11 கிலோ. அவனை விட்டுவிட்டு வர மகள் சம்மதிக்கவே மாட்டாள், எனக்கும் மனசு வராது. அங்கே எல்லா அறையிலும் ஏசி இருக்கிறது. ஆனால் சப்பை மூக்கு நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மாட்டோம் என்று இரண்டு விமான நிறுவனங்கள் சொல்லிவிட்டன. எந்த நிறுவனம் ஏற்றும், எந்த மாதிரி கூண்டு வாங்க வேண்டும், தூக்க மருந்து கொடுத்துக் கூட்டிப்போகலாமா? அம்மா இறந்தபின் எங்களிடம் வந்து எங்களோடு இருக்கும் அப்பா இனி தம்பி வீட்டுக்குப் போகிறார். “அவனை என்கிட்ட விட்டுட்டுப் போ” என்கிறார். 71 வயதில் அவருக்கு எதற்கு இந்தச் சுமை? புஜ்ஜி அவ்வளவு செல்லம். பந்தை வாயில் கவ்விக்கொண்டால்தான் ராத்திரி தூங்குவான். பந்து உருண்டுவிட்டால் அப்பா எழுந்து எடுத்து வாயில் வைத்துவிடுவார். அவன் இல்லாத வீடு எங்களுக்கு வீடாகவே இருக்காது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

விமானம், கூண்டு எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கடிதம் முழுக்கக் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியில் மட்டும் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். செல்லத்துக்காக ஒரு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு தூங்குவதில்லை, அம்மா. வாய் மூடிக்கொண்டால் மூக்கு வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். உங்கள் புஜ்ஜிக்கு அந்த மூக்கு போதவில்லை. தூக்கத்தில் தசைகள் தளர்ந்து தொண்டை அடைத்துக்கொள்கிறது, மூச்சுத் திணறி விழித்துக்கொள்கிறான். வாயில் ஏதாவது இருந்தால் வாய் மூடாது, காற்று போய் வரும். இதை அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான். சப்பை மூக்கு நாய்களைப் பார்க்கிற கால்நடை மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த அறிகுறி. சில நாய்கள் சோபாவின் கைப்பிடியில் மோவாயைத் தூக்கி வைத்துத் தூங்கும். சில உட்கார்ந்தபடியே தூங்கும்.

என் அக்கா வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. மர முக்காலியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, முன்கால்கள் நடுங்க நடுங்க, கண் சொருகி உட்கார்ந்திருக்கும். கால் மடங்கும், தலை சரியும், விழித்துக்கொள்ளும், திரும்பத் தாடையைத் தூக்கி வைக்கும். நாங்கள் எல்லோரும் போட்டோ எடுத்தோம். ஒருவருக்கும் அது மூச்சுக்குப் போராடுகிறது என்று தோன்றவில்லை. இன்றைக்கும் அந்தப் போட்டோவை என்னால் பார்க்க முடிவதில்லை.

அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில் செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. மூச்சுப்பாதை அடைப்பு இருப்பது மருத்துவரீதியாகத் தெரிந்த நாய்களின் வீட்டுக்காரர்களைக் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் “எங்கள் நாய்க்கு மூச்சில் ஒரு கோளாறும் இல்லை” என்று சொன்னார்கள். குறட்டை, இரைப்பு எல்லாம் அந்த இனத்துக்கே உள்ளதுதானே என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களிலும் அதையேதான் பார்க்கிறேன். “தாத்தா மாதிரி குறட்டை விடுவான்” என்று எழுதாதவர்களே இல்லை.

இந்த நாய்களின் முகத்தை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கினார்கள். எலும்பு சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் கோடு கிழித்தது போல ஆகிவிட்டது. மெல்லண்ணம், அதாவது அண்ணத்தின் பின்பக்கத்து மென்சதை, நீண்டு தொண்டைக்குள் தொங்குகிறது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும், அது எதற்கும் காணாது. உடம்புச் சூட்டை அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் இறக்க வேண்டும். ஈரமான மூக்கின் உட்பகுதியிலும் வாயிலும் காற்று உரசிப் போகும்போது ஈரம் ஆவியாகி உடம்பு குளிரும். புஜ்ஜிக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது. காற்றை இழுக்க அவன் படுகிற பாட்டிலேயே இன்னும் சூடு ஏறும். சூடு ஏற ஏற வேகமாக இரைப்பான், இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கும், இன்னும் அடைக்கும். நாயின் இயல்பான சூடு 38இலிருந்து 39 டிகிரி சொச்சம். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். அந்த இரண்டு டிகிரி ஏற ரொம்ப நேரம் ஆகாது.

2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரிட்டனில் வெப்பத்தால் மருத்துவரிடம் வந்த நாய்களைக் கணக்கெடுத்தார்கள். லாப்ரடாரோடு ஒப்பிட்டால் பக் நாய்க்கு ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல். புல்டாக் என்றால் ஏறக்குறைய பதினான்கு மடங்கு. பிரிட்டனின் வெயிலிலேயே இந்த நிலை என்றால், 45 டிகிரியில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். போகிற ஊர் கடலோரமாக இருந்தால் இன்னும் மோசம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது எவ்வளவு இரைத்தாலும் நாக்கின் ஈரம் ஆவியாகாது.

அந்த 11 கிலோவையும் நான் விடப்போவதில்லை. பக் நாய்க்கு இன அளவுகோல் சொல்கிற எடை ஆறேகாலிலிருந்து எட்டுக் கிலோ சொச்சம் வரை. உங்கள் வீட்டில் செல்லம் என்றால் தட்டை நிரப்புவது என்று அர்த்தமாகிவிட்டது. கழுத்தைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு ஏற்கெனவே குறுகலான தொண்டையை வெளியிலிருந்தும் நெருக்குகிறது. அவன் கேட்டான், நீங்கள் கொடுத்தீர்கள். கேட்டதையெல்லாம் கொடுப்பதுதான் பாசம் என்றால், பெரியவர்கள் என்று நாம் எதற்கு இருக்கிறோம்?

ஏசி இருக்கிறதே என்கிறீர்கள். சரி. சிறுநீர் கழிக்க எங்கே போவான்? ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வெளியே இறங்கியாக வேண்டும். அப்படிப்பட்ட ஊர்களில் கோடையில் விடியற்காலையிலேயே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும். நீங்களும் கணவரும் வெளியே போயிருக்கும்போது மின்சாரம் நின்றால்? மகள் பள்ளியில் இருப்பாள். பூட்டிய வீட்டுக்குள் அவன் மட்டும் இருப்பான்.

தூக்க மருந்து யோசனையை யார் கொடுத்தார்களோ, அவர்களிடம் இனிமேல் நாயைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். மருந்து தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், ரத்த அழுத்தத்தை இறக்கும். திணறும்போது விழித்துக்கொள்வதுதான் இவனை இதுவரை காப்பாற்றி வருகிறது, மருந்து அதையும் பறித்துவிடும். அந்தக் கூண்டில் பந்து உருண்டால் எடுத்து வைக்க உங்கள் அப்பா இருக்க மாட்டார்.

விமான நிறுவனங்கள் மறுப்பதை நீங்கள் ஒரு தடையாகப் பார்க்கிறீர்கள். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட கணக்கில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் விமானங்களில் இறந்ததாகப் பதிவான 122 நாய்களில் ஏறக்குறையப் பாதி சப்பை மூக்கு இனங்கள். மேலே பறக்கும்போது சரக்குப் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பமும் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். ஏற்றுவதற்கு முன்பும் இறக்கிய பின்பும் விமானம் நிற்கும் தளத்தில் கூண்டு காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து, அதுவும் ஜூன் கடைசியில். மூச்சு அடைக்கும் நாயை எதையும் பார்க்காமல் ஏற்றிவிடும் நிறுவனத்தைத் தேடுகிறீர்களே, அப்படி ஒன்று கிடைத்தால் அதுதான் பயப்பட வேண்டிய நிறுவனம். பயணிகள் பகுதியில் உங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்றால், பல நிறுவனங்களில் கூண்டோடு சேர்த்து 8 கிலோவைத் தாண்டக் கூடாது. இவன் சரியான எடைக்கு இறங்கினாலும் அந்தக் கணக்கில் இடிக்கும்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன்.

நாயைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைப் பற்றி எழுதியது மூன்றே வரி, அதில் ஒன்று “சுமை”. யார் சொன்னது சுமை என்று? அவர் சொன்னாரா? அவர் “என்கிட்ட விட்டுட்டுப் போ” என்றுதான் கேட்டிருக்கிறார். இருட்டில் எழுந்து, கட்டிலுக்கு அடியில் உருண்ட பந்தைக் கையால் துழாவி எடுத்து, அதைத் துடைத்து அவன் வாயில் வைக்கிற மனிதர் அவர். அவருக்கு மருத்துவம் தெரியாமல் இருக்கலாம். பந்து போனால் இவன் தூங்க மாட்டான் என்பது அவருக்குத் தெரிகிறது, அதற்காக அவரும் தூங்குவதில்லை. மனைவி போன பின் ராத்திரியில் அவருக்குத் துணையாக இருப்பது எது என்று நீங்கள் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லையா? நாயை அழைத்துப் போய் அவரைத் தம்பி வீட்டில் இறக்கிவிடுவது பாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே நாளில் மகளையும் பேத்தியையும் நாயையும் சேர்த்து இழக்கப்போகிறார் அவர். அதில் ஒன்றையாவது அவர் வாய் திறந்து கேட்டிருக்கிறார்.

“எங்களுக்கு வீடாக இருக்காது” என்று எழுதினீர்கள். அந்த “எங்களுக்கு” என்ற சொல்லில் புஜ்ஜி இல்லை, அப்பாவும் இல்லை. வளர்த்தவர்களுக்குப் பிராணி மேல் உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் மூச்சுக்குப் பொறுப்பு ஏற்ற பிறகுதான் அந்த உரிமை. பெற்றவர் விஷயத்திலும் நான் இப்படித்தான் நினைக்கிறேன். வயதானவருக்கு எது நல்லது என்று அவரைக் கேட்காமல் தீர்மானிக்கும் பிள்ளைகளை எனக்குப் பிடிப்பதில்லை.

என் பதில் இதுதான். ஜூனில் அவன் வரக் கூடாது. எந்த நிறுவனம் சம்மதித்தாலும் கூடாது. சப்பை மூக்கு நாய்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிப்போங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டனில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பும் 2019இல் கொண்டுவந்த மூச்சுச் சோதனை ஒன்று இருக்கிறது. முதலில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார்கள், மூன்று நிமிடம் ஓட்டமும் நடையுமாக விடுவார்கள், திரும்பவும் கேட்பார்கள். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை தரம் பிரிப்பார்கள். உங்கள் மருத்துவர் அந்தப் பெயரில் செய்யாவிட்டாலும், ஓடவிட்டுக் கேட்கும்படி நீங்களே சொல்லுங்கள். மேஜை மேல் அமைதியாக நிற்கும்போது மட்டும் கேட்டால் பல நாய்களிடம் ஒன்றும் தெரியாது. மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் மெல்லண்ணத்தைக் கத்தரிக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. தேவை என்று அவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். பயணத்துக்காக வேண்டாம், அவன் பந்து இல்லாமல் தூங்குவதற்காகச் செய்யுங்கள். அதனால் மூக்கு நீண்டுவிடாது, வெயிலும் பழகிவிடாது. எடையை மெல்ல மெல்ல எட்டுக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அதற்குப் பிறகும் தரம் இரண்டு, மூன்று என்றால் அவன் அப்பாவோடுதான், நிரந்தரமாக. பூஜ்யம், ஒன்று என்றால் குளிர்காலத்தில் யோசிக்கலாம், அதுவும் அப்பாவைக் கேட்டுவிட்டு. மைக்ரோசிப், அப்புறம் ரேபிஸ் ஊசி, பல நாடுகளில் அதன்பின் ரத்தப் பரிசோதனை என்று காகித வேலைக்கே மாதங்கள் பிடிக்கும், ஆகவே அவசரத்துக்கு இடமே இல்லை.

அப்பாவிடம் விடுவது என்றால் கைகழுவுவது இல்லை. தம்பியிடமும் அவர் மனைவியிடமும் நீங்களே பேசுங்கள், அப்பா வாயால் கேட்க வைக்காதீர்கள். வைத்தியச் செலவு முழுக்க உங்களுடையது. அந்த வீட்டில் அப்பாவும் புஜ்ஜியும் இருக்கும் அறையில் ஒரு ஏசி போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். அப்பாவுக்கு ஒன்று கற்றுக்கொடுங்கள்: இரைப்பு அடங்காமல் நாக்கு கருஞ்சிவப்பானால், தள்ளாடினால், வண்டியைத் தேடும் முன்னால் உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி ஃபேன் காற்றில் விட வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தக் கூடாது, சூடு உள்ளேயே நின்றுவிடும். குளிரவைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

மகளிடம் பொய் சொல்லாதீர்கள். 9 வயதுப் பெண்ணுக்கு மூச்சுத் திணறல் என்றால் புரியும். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா ஒன்றை வாயில் வைத்து அதன் வழியே மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு மாடிப்படி ஏறச் சொல்லுங்கள், நாலு படி போதும். அழுவாள். அழட்டும். தாத்தாவுக்கு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசி, அவனுடைய எடையை அவளே ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

இன்று ராத்திரி படுக்கப் போகாதீர்கள். அப்பாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, பந்து விழுந்ததும் என்ன நடக்கிறது என்று போனில் வீடியோ எடுங்கள். மூச்சு நிற்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி விழிக்கிறான் என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அவரிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள். இது எத்தனை நாளாக, ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை என்று கேட்பார். அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாது.