ஒருவரையொருவர் வீழ்த்தத் துடிக்கும் செல்போன் நிறுவனங்கள் ஒரே டவரில் எப்படிக் குடியிருக்கின்றன?

கேள்வி கேட்டவர் மேலாண்மை படிக்கும் மாணவர். விளம்பரங்களில் அடித்துக்கொள்ளும் நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் தன் வீட்டுக்கு எதிரே ஒரே டவரில் மேலும் கீழுமாக மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்து, இது போட்டியா கூட்டா, இதில் யாருக்கு லாபம், சொந்த வலையமைப்பே இல்லாத செல்போன் நிறுவனங்கள் எப்படி நடக்கின்றன என்று தன் திட்ட அறிக்கைக்காகக் கேட்டிருக்கிறார்.

இரண்டும்தான். வாடிக்கையாளர் கண்ணுக்குப் படும் இடத்தில் சண்டை போடுவார்கள், படாத இடத்தில் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்தக் கூட்டு எந்த நேரத்தில் முறிகிறது என்பதையும் பார்த்தால்தான் இந்தத் தொழில் புரியும். இந்தியாவை வைத்தே சொல்கிறேன். இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்து பார்த்த நாடுகள் குறைவு.

நான் டவர் நிறுவனம் ஒன்றில் இடம் பிடிக்கும் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். மொட்டைமாடியையோ தோட்டத்தில் கொஞ்சம் நிலத்தையோ குத்தகைக்குத் தந்த உரிமையாளர்கள் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ தவறாமல் கேட்பார்கள்: “நான் இடம் கொடுத்தது ஒரு கம்பெனிக்கு. இப்போது மூன்று கம்பெனி வந்து பெட்டி வைத்திருக்கிறதே, வாடகையும் மூன்று மடங்காக வேண்டாமா?” கேள்வி நியாயமானது. அந்தத் தொழிலின் லாபம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

நிலத்துக்கு வாடகை, இரும்புக் கட்டுமானம், அடித்தளம், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர், காவலாளி சம்பளம் ஆகியவை டவரில் ஒரு நிறுவனம் இருந்தாலும் மூன்று இருந்தாலும் ஏறக்குறைய மாறுவதில்லை. முதல் வாடகைதாரர் தரும் பணம் பெரும்பாலும் போட்ட செலவை ஈடுகட்டப் போய்விடும். இரண்டாமவர் வந்த பிறகுதான் டவர் சம்பாதிக்க ஆரம்பிக்கிறது. அதனால் புதிதாக ஒருவர் வரும்போது ஏற்கெனவே இருப்பவர்களின் வாடகையும் குறையும்படி ஒப்பந்தம் எழுதுவார்கள். போட்டியாளர் வந்து சேர்ந்தால் தன் செலவு குறையும் என்ற நிலையில் யார்தான் கதவைச் சாத்துவார்கள்? மின்சாரம், டீசல் செலவைப் பெரும்பாலும் வாடகைதாரர்களே தனியாக ஏற்றுக்கொள்வார்கள். ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு இருக்கும். பாதியில் விலகினால் அபராதம் உண்டு.

இந்த ஏற்பாடு உருவானதற்குக் காரணம் விலை வீழ்ச்சி. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அந்தக் காலத்தில் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே பணம் கட்ட வேண்டும். 1999 தொலைத்தொடர்புக் கொள்கை, நிறுவனங்களின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நிலையான உரிமக் கட்டணத்தை மாற்றி, வருவாயில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றது. 2003 மே மாதத்திலிருந்து உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. 2002 முடிவில் ஏறத்தாழ ஒரு கோடியாக இருந்த செல்போன் இணைப்புகள் 2007 முடிவில் இருபது கோடியைத் தாண்டிவிட்டன. கூட்டம் பெருகியது, ஆனால் தலைக்கு வரும் வருவாய் சரிந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஊருக்கு ஊர் சொந்த டவர் கட்டினால் போட்ட பணம் திரும்பாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதற்கு ஏர்டெல் கண்ட வழியைத்தான் நான் மிக முக்கியமான திருப்பமாக நினைக்கிறேன். 2004இல் அது தன் வலையமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பை எரிக்சன் போன்ற கருவி விற்பனையாளர்களிடமும், கணினிப் பணிகளைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஐ.பி.எம். நிறுவனத்திடமும் ஒப்படைத்தது. தொலைபேசி நிறுவனத்துக்கு வலையமைப்புதானே உயிர், அதையே வெளியாளிடம் கொடுப்பார்களா என்று துறையில் பலர் அதிர்ந்தார்கள். ஒப்படைத்ததைவிட, பணம் கொடுத்த விதத்தில்தான் புத்திசாலித்தனம் இருந்தது. முன்பெல்லாம் கருவி விற்பவருக்கு அதிகப் பெட்டிகளை விற்றால் லாபம். அவை சும்மா கிடந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. புதிய ஏற்பாட்டில், வேலை செய்யும் கொள்ளளவுக்கு மட்டுமே பணம். ஒரு இணைப்பு ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருந்தால் அதை ஒரு எர்லாங் என்பார்கள். அந்தக் கணக்கில் கட்டணம். ஐ.பி.எம்முக்கும் ஏர்டெல் வருவாயோடு சேர்ந்து ஏறி இறங்கும் பங்கு. இவ்வாறு ஏர்டெல் வளர்ந்தால்தான் அவர்களும் வளர முடியும் என்றாகியது. நிமிடத்துக்குச் சில காசுகளில் பேச்சை விற்றும் லாபம் பார்க்க முடிந்ததற்கு இந்த ஒப்பந்தங்கள் பெரிய காரணம்.

அடுத்த கட்டம் 2007. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்று போட்டியாளர்கள் சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் இரண்டு தரப்புக்கும் தலா 42 சதவீதம், ஐடியாவுக்கு 16 சதவீதம். “எங்கள் சிக்னல்தான் எல்லா ஊரிலும் கிடைக்கும்” என்பது அதுவரை விற்பனைக்கு ஆயுதமாக இருந்தது. எல்லோர் சிக்னலும் எல்லா ஊரிலும் எட்டத் தொடங்கியதும் அந்த ஆயுதம் மழுங்கிவிட்டது. மழுங்கியதைத்தான் பொதுவில் வைத்தார்கள். விலை, சேவை, விளம்பரம் மூன்றையும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கூட்டு பற்றி எழுதும்போது இந்த வரிசையைக் கவனியுங்கள். தனக்குச் சாதகமாக இருக்கும்வரை எதையும் யாரும் பகிரவில்லை. 2008 ஏப்ரலில் அரசு ஆன்டெனா, கேபிள் போன்ற இயங்கும் கருவிகளையும் பகிரலாம் என்றது. அலைக்கற்றையைப் பகிர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் வந்த 3ஜி கதை தனி. 2010 ஏலத்தில் விலை எகிறி, எந்தத் தனியார் நிறுவனமும் 22 வட்டங்களையும், அதாவது நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் சேவைப் பகுதிகள் எல்லாவற்றையும், பிடிக்க முடியவில்லை. ஏர்டெலுக்கு 13, ஐடியாவுக்கு 11, வோடஃபோனுக்கு 9. மூவரும், உன் வட்டத்தில் என் வாடிக்கையாளரை ஏற்றுக்கொள், என் வட்டத்தில் உன் வாடிக்கையாளரை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டு நாடு முழுவதும் 3ஜி விற்றார்கள். உரிமம் வாங்காத இடத்தில் சேவை விற்பது விதிமீறல் என்று தொலைத்தொடர்புத் துறை தடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, 2014 ஏப்ரலில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் நிறுவனங்களின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். ஏலத்தில் அரசுக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது. வாங்கிய அலைக்கற்றை சும்மா கிடப்பதால் மக்களுக்கு என்ன பயன்?

இனி, கூட்டு முறியும் இடங்கள்.

எந்த நிறுவனமும் தட்டிக்கழிக்க முடியாத கூட்டு ஒன்று உண்டு. ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். அழைப்பைப் பெறும் நிறுவனத்துக்கு, அனுப்பும் நிறுவனம் நிமிடத்துக்கு ஒரு தொகை கொடுக்கும். 2009இல் 20 காசு, 2015இல் 14 காசு, 2017 அக்டோபரிலிருந்து 6 காசு. 2016 செப்டம்பரில் இலவச அழைப்புகளுடன் ஜியோ வந்தபோது அதிலிருந்து வெளியே போகும் அழைப்புகள் வெள்ளமாகப் பெருகின. இணைப்புக்குப் போதிய வழி விடவில்லை என்று ஜியோ புகார் சொன்னது. எங்கள் வலையமைப்பு திணறுகிறது என்று பழைய நிறுவனங்கள் பதில் சொன்னன. அந்த அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதத்துக்குப் பரிந்துரைத்தது.

2019இல் சண்டை மணி அடிக்கும் நேரத்தைத் தொட்டது. ஜியோ தன் வாடிக்கையாளர் வெளியே அழைக்கும்போது மணி அடிக்கும் நேரத்தை 20 விநாடி அளவுக்குக் குறைத்தது. எதிர்முனையில் இருப்பவர் எடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். அது மிஸ்டு காலாக மாறும். அவர் திரும்ப அழைப்பார். வெளியே போக வேண்டிய அழைப்பு உள்ளே வரும் அழைப்பாகிவிடும். 6 காசு கொடுக்க வேண்டியவர் 6 காசு வாங்குபவராகிவிடுவார். இது வேண்டுமென்றே செய்யப்படுவது என்று குற்றம் சாட்டிய ஏர்டெலும் பிறகு 25 விநாடிக்கு இறங்கியது. கடைசியில் டிராய் தலையிட்டு, செல்போனுக்கு 30 விநாடி, தரைவழித் தொலைபேசிக்கு 60 விநாடி என்று விதித்தது. கோடிக்கணக்கானவர்களின் அன்றாடப் பேச்சு ஒரு கட்டண விதியால் வளைந்துபோனது. தொழில் மாதிரி என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் முதலில் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். 2021 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணமே பூஜ்யமானது. அதோடு இந்தச் சண்டையும் முடிந்தது.

வாடகைதாரர் காணாமல் போவது இரண்டாவது முறிவு. டவர் நிறுவனமான ஜி.டி.எல். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் 2010இல் ஏர்செல்லின் 17,500 டவர்களைச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு வாங்கியது. புதிய உரிமம் பெற்ற நிறுவனங்கள் வரிசையாக வந்து குடியேறும் என்பது கணக்கு. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. வர வேண்டியவர்களே இல்லாமல் போனார்கள். பிறகு 2018இல் ஏர்செல்லும் சாய்ந்தது. தமிழ்நாட்டில் பிறந்து இங்கே கொடி கட்டிப் பறந்த நிறுவனம் அது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நம் ஊர்களில் சிக்னல் திடீரென்று போனதையும், எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள மக்கள் வேறு நிறுவனக் கடைகளில் முண்டியடித்ததையும் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். டவர் வாடகைப் பாக்கியும் அதற்கு ஒரு காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. பகிர்ந்த டவர் செலவைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் வாடகை நின்றால் சேவை நிற்கும். சொந்த டவர் இருந்த காலத்தில் இந்த ஆபத்து இல்லை.

எம்.வி.என்.ஓ. எனப்படும், சொந்த வலையமைப்பு இல்லாமல் பிறருடையதை மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறையில் விற்கும் நிறுவனங்களையும் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் வெர்ஜின் மொபைல் 1999இலேயே அப்படித் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2008இல் அது டாட்டா டெலிசர்வீசஸுடன் பெயர் உரிம ஏற்பாடாகத்தான் வர முடிந்தது. 2016இல் விதி தளர்ந்த பிறகும் இங்கே அந்த மாதிரி வேர்விடவில்லை. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடைவெளியே இல்லாத சந்தையில் இடைத்தரகர் எதைத் தின்று வாழ்வார்?

இன்றைய நிலையில் மிகவும் விசித்திரமான உறவு ஏர்டெலுக்கும், வோடஃபோனும் ஐடியாவும் இணைந்து உருவான வோடஃபோன் ஐடியாவுக்கும் இடையில் இருக்கிறது. இண்டஸில் இப்போது பாதிக்கு மேல் ஏர்டெலிடம் இருக்கிறது. அந்த இண்டஸின் பெரிய வாடகைதாரர்களில் ஒருவர் கடனில் தத்தளித்த வோடஃபோன் ஐடியா. 2022இல் அதன் பங்குதாரரான பிரிட்டனின் வோடஃபோன் குழுமத்திடமிருந்து இண்டஸ் பங்குகளில் 4.7 சதவீதத்தை வாங்க ஏர்டெல் ஒப்புக்கொண்டபோது ஒரு நிபந்தனை போட்டது: அந்தப் பணத்தை வோடஃபோன் ஐடியாவில் முதலீடு செய்ய வேண்டும், அதைக் கொண்டு இண்டஸுக்கான பாக்கியை அடைக்க வேண்டும். போட்டியாளரின் வாடகைப் பாக்கி தீர ஏர்டெலின் பணமே சுற்றிவந்தது. கடையில் அவருடைய வாடிக்கையாளரைப் பறிக்கத் துடிக்கும் அதே நிறுவனம், டவரில் அவர் காலிசெய்துவிடக் கூடாது என்று விரும்புகிறது. உங்கள் திட்ட அறிக்கைக்கு ஒரே ஒரு நிகழ்வுதான் எடுக்க முடியும் என்றால் இதை எடுங்கள். இண்டஸின் காலாண்டு அறிக்கைகளில் ஒரு டவருக்குச் சராசரியாக எத்தனை வாடகைதாரர்கள் என்ற விகிதத்தைத் தேடிப் பிடியுங்கள். நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தும் மூடியும் போன ஆண்டுகளில் அது இரண்டுக்கு மேலிருந்து இரண்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்க்கலாம்.

கடைசியாக என் கருத்து ஒன்று. புயல் நேரங்களில், ஒரு நிறுவனத்தின் டவர் விழுந்தால் இன்னொன்றின் சிக்னலைப் பயன்படுத்திக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. 2023இல் குஜராத்தை பிபர்ஜாய் புயல் தாக்கியபோது அப்படிச் செய்தார்கள். 2025 ஜனவரியில், அரசு நிதியில் கட்டப்பட்ட கிராமப்புற 4ஜி டவர்களில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் யாருடைய சிக்னலையும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு தொடங்கியது. இதை அந்த டவர்களோடு நிறுத்தக் கூடாது. மலைக் கிராமத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல் மட்டும் எட்டுகிறது என்றால், மற்ற நிறுவன எண் வைத்திருப்பவர் பிரசவ வலி எடுத்தவருக்காகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி நிற்க வேண்டிய அவசியம் என்ன? முதலில் பணம் போட்டு டவர் வைத்த நிறுவனத்துக்கு அது நஷ்டம் என்பார்கள். பயன்படுத்திய அளவுக்கு மற்ற நிறுவனங்கள் கட்டணம் கொடுக்கட்டும். 3ஜி காலத்தில் இதே நிறுவனங்கள் நகரங்களுக்காக இந்தக் கணக்கைத் தாங்களே எழுதி, நீதிமன்றம்வரை சென்று காப்பாற்றிக்கொண்டன.