அலபாமாவில் ஆறு மாதமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் அலபாமா மாநிலம், ஹன்ட்ஸ்வில் நகரில் வேலை பார்க்கிறான். பேத்திக்கு இரண்டு வயது. "விசாதான் இருக்கே, ஆறு மாசம் வந்து இருங்க" என்று ஒரே பிடிவாதம். என் கணவருக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. காலையில் ஒரு மணி நேரம் நடக்காவிட்டால் அவருக்கு அன்றைய பொழுதே ஓடாது. அக்கம்பக்கத்தில், "அலபாமாவா? நிறவெறி பிடித்த இடமாச்சே, சூறாவளி வேறே வருமே" என்று பயமுறுத்துகிறார்கள். போகலாமா? எந்த மாதம் நல்லது?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. ஆனால் ஆறு மாதம் வேண்டாம், மூன்று மாதம் போதும். உங்களைச் சோதிக்கப்போவது சூறாவளி இல்லை, கார். அங்கே கார் ஓட்டத் தெரியாதவர்கள் வீட்டை விட்டு இறங்க முடியாது. கடை, பூங்கா, கோயில், சர்ச் எதுவானாலும் மகனோ மருமகளோதான் கூட்டிப்போக வேண்டும்.

என் தங்கை வீட்டில், அதே மாநிலத்தில், ஒரு ஜூலை முழுக்க இருந்தவள் நான். ஒருநாள் பால் வாங்க நடந்தே கிளம்பினேன். நடைபாதையே கிடையாது, புல் ஓரமாகப் போக வேண்டும். அரை மைல் போவதற்குள் இரண்டு கார்கள் நின்றுவிட்டன. "மேடம், ஏதும் பிரச்சினையா? கொண்டுபோய் விடட்டுமா?" நடக்கிற ஆளைப் பார்த்தால் வண்டி பழுதாகிவிட்டது என்றுதான் அவர்களுக்குத் தோன்றுகிறது! தெற்கத்திக்காரர்கள் பேச்சில் 'சார்', 'மேடம்' தாராளம். முன்பின் தெரியாதவர்களுக்கும் கை காட்டுவார்கள்.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததை மறைத்தால் நியாயமில்லை. 2015 பிப்ரவரியில், ஹன்ட்ஸ்வில்லை ஒட்டிய மாடிசன் ஊரில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த ஒரு தாத்தா காலை நடைக்குப் போனார். சந்தேகமாக இருக்கிறது என்று யாரோ போன் செய்ய, போலீஸ் வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு போலீஸ்காரர் அவரைத் தரையில் தள்ளியதில் கழுத்தெலும்பில் அடிபட்டு அறுவை சிகிச்சை வரை போயிற்று. தினமும் நடப்பதல்ல இது, ஆனால் நடந்தது. அதனால் முதல் வாரம் உங்கள் கணவர் மகனோடு நடக்கட்டும், அக்கம்பக்கத்தாருக்கு அறிமுகமாகட்டும். மகனின் முகவரி, போன் எண் எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிடுங்கள், சட்டைப்பையில் வேண்டாம். போலீஸ் நிறுத்தினால் பைக்குள் கை விடாமல் அப்படியே நிற்க வேண்டும். அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தை நின்று ரசிப்பதெல்லாம் நம்மூரோடு சரி.

சூறாவளி விஷயத்தில் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். கடலிலிருந்து வரும் புயல் தெற்கே மெக்சிகோ வளைகுடாக் கரையைத்தான் நேராகத் தாக்கும். ஹன்ட்ஸ்வில் வடகோடி. அங்கே பயம் டொர்னாடோ என்கிற சுழல்காற்றுதான், அதிலும் மார்ச் முதல் மே வரை. 2011 ஏப்ரல் 27 அன்று ஒரே நாளில் அந்த மாநிலத்தில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். போய் இறங்கிய அன்றே மகனிடம், "சைரன் அடித்தால் எந்த அறைக்குள் போகணும்?" என்று கேட்டுவையுங்கள். கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத உள்ளறையாக இருக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம்மூர் புழுக்கம்தான், கடல்காற்று மட்டும் இருக்காது. செப்டம்பர் கடைசியில் போய் டிசம்பர் நடுவில் திரும்புங்கள். நவம்பரிலும் ஓரிரு டொர்னாடோ வரலாம் என்றாலும் அதுதான் இருப்பதில் நல்ல காலம். இலைகள் நிறம் மாறுவதையும் பார்க்கலாம்.

சர்க்கரை மாத்திரையை மருத்துவர் சீட்டோடு, இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள். பயணக் காப்பீட்டில் பழைய நோய்களுக்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள், படித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

ஹன்ட்ஸ்வில்லில் எல்லோரும் உங்களை ராக்கெட் பார்க்கத்தான் அழைத்துப்போவார்கள். 363 அடி நீள சாட்டர்ன் 5 ஒரு கூடம் முழுக்கப் படுத்துக் கிடக்கும். பாருங்கள். ஆனால் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் காரில் மான்ட்கோமரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். 1955இல் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்தது அங்கேதான். 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் இருந்ததும் அங்கேதான். நிறவெறிக் கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களுக்கு 2018இல் திறந்த நினைவிடம் இருக்கிறது. 800க்கு மேற்பட்ட இரும்புத் தூண்கள். நுழையும்போது நம் உயரத்தில் நிற்கும். உள்ளே போகப்போகத் தரை இறங்கும், தூண்கள் தலைக்கு மேலே தொங்கும். நிமிர்ந்துதான் பெயர்களைப் படிக்க வேண்டும். நிறவெறி பற்றிப் பயமுறுத்தினார்களே, அதன் கதையை அந்த ஊரே இப்படி எழுதிவைத்திருக்கிறது.

அதே ஊரில் இருக்கும் டெக்ஸ்டர் அவென்யூ சர்ச்சையும் விட்டுவிடாதீர்கள். மார்ட்டின் லூதர் கிங் அங்கே போதகராக இருந்த காலத்தில்தான், 1959இல், இந்தியாவுக்கு வந்தார். உங்கள் கன்னியாகுமரிக்கும் வந்து சூரியன் மறைவதைப் பார்த்தார். இதைப் பேத்தியிடம் சொல்லி வையுங்கள், இரண்டு வயதில் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

திரும்பும் வழியில் சாலையோரத்தில் 'பாயில்டு பீனட்ஸ்' என்று பலகை தெரிந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் தோலோடு வெந்த நம்மூர் கடலையேதான், சூடாகப் பையில் அள்ளித் தருவார்கள். உங்கள் கணவருக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுக்காதீர்கள், உப்பு அதிகம்.