சோர்வா, அசதியா, நரம்புத் தளர்ச்சியா?

கேள்வி: மூன்று மாதங்களாகக் கடுமையான சோர்வு. மருத்துவரிடம் எந்தச் சொல்லைச் சொன்னாலும் சத்து மாத்திரையே எழுதித் தருகிறார். தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர், இது ‘நரம்புத் தளர்ச்சி’ என்று கூறி, ஊசிகளுக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எந்தச் சோர்வையும் தனக்குள் அடக்கிக்கொள்ளக்கூடிய சொல் என்பதால்தான் ‘நரம்புத் தளர்ச்சி’ விற்பனைக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது. 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் பரப்பிய, இதே பொருள்கொண்ட ‘நியூராஸ்தீனியா’ என்ற பெயர், உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாடு வரை நீடித்து, 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது வகைப்பாட்டில் நீக்கப்பட்டுவிட்டது. விளம்பரங்களில் மட்டும் அந்த நோய் நலமாக வாழ்கிறது. உடனடித் தெம்புக்கு என்று ஏற்றப்படும் குளுக்கோஸும் இதே வகைதான்: ஐந்து சதவீதக் கரைசல் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், அதாவது ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை அளவு.

இனி சொற்களுக்கு வருகிறேன். உழைத்தபின் வந்து, ஓய்வெடுத்தால் நீங்குவது களைப்பு. காய்ச்சலுக்குப் பின்போ, காரணம் புலப்படாமலோ உடல் கனத்துக் கிடப்பது அசதி. சோர்வு உடலுக்கும் மனத்துக்கும் பொதுவானது என்பதால், கேட்பவருக்கு மிகக் குறைவாகத் தெரிவிக்கும் சொல்லும் அதுவே. சில நிமிடங்களில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்பியாக வேண்டிய மருத்துவர், அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் ‘பொதுவான பலவீனம்’ என்று எழுதி மாத்திரைக்குப் போய்விடுகிறார். கேட்க நேரம் தராத இந்த ஏற்பாட்டை மாற்ற யாருக்கும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே சொல்லைத் தேடுவதைவிட, நடப்பதைச் சொல்லுங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் இரத்தசோகையையும் இதயத்தையும் பார்ப்பார்கள். இரவெல்லாம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது, குறட்டையும் உண்டு என்றால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதை ஆராய்வார்கள். பிடித்த வேலையிலும் மனம் செல்லவில்லை என்றால் மனச்சோர்வைப் பற்றிக் கேட்பார்கள்.

‘பலவீனம்’ என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை, ஏனெனில் மருத்துவர் அதைத் தசையின் வலு குறைந்ததாகப் புரிந்துகொள்ளக்கூடும். உண்மையிலேயே வலு குறையும் நோய் ஒன்று உண்டு. காலையில் சரியாக இருக்கும் இமை மாலையில் சரியும். உண்ணத் தொடங்கியபோது வேலை செய்த தாடை பாதியில் ஓயும். படிக்கட்டின் முதல் சில படிகளை எளிதாக ஏறிய கால்கள் பிறகு மறுக்கும். சற்று ஓய்ந்தால் வலு திரும்பும். மயஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் இதில், நரம்பின் கட்டளை தசைக்குச் சேரும் இடத்தை கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களே தாக்குகின்றன. இது அரிதானது; ஆனால் மருந்து உண்டு. இந்த விவரம் உங்களுக்குப் பொருந்துமானால் சத்து மாத்திரையை ஏற்காமல் நரம்பியல் மருத்துவருக்குப் பரிந்துரை கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கக் கையோ காலோ திடீரெனச் செயலிழந்தால் அது அவசர நிலை.

அடுத்த முறை செல்லும்போது, உண்ணும் மருந்துகள் அனைத்தின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்: நீரிழிவுக்கான மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொண்டால் வைட்டமின் பி12 குறையலாம், இரத்த அழுத்த மருந்துகளில் சிலவும் அசதி தரும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகிய மூன்றும் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். முகவர்கள் விற்கும் ‘முழு உடல்’ பரிசோதனைத் தொகுப்பு இப்போதைக்குத் தேவையில்லை.