எவரெஸ்ட் உச்சியில் கடல் பாறை

கேள்வி: எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடிச் சுண்ணாம்புக்கல், கீழே உருகிய பாறை இறுகி உண்டான கிரானைட். அந்தச் சூட்டில் சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக மாறாமல் தப்பியது எப்படி?

பதில்: மிக நல்ல கேள்வி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பிறந்தவை அல்ல. உச்சிப் பாறை 45 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஆழமற்ற கடலில் படிந்தது. அதைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் டிரைலோபைட், கடல் அல்லி ஆகிய பழங்காலக் கடல் விலங்குகளின் நொறுங்கிய ஓட்டுத் துண்டுகள் தெரியும். முழு உடல் கிடைக்காது.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைத் தாங்கி நகரும் பூமியோட்டுத் துண்டு, ஆசியாவில் மோதியது. பூமியின் மேலோடு அங்கே ஏறத்தாழ 70 கி.மீ. தடித்தது. ஆழத்தில் வெப்பம் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பாறையிலுள்ள வெள்ளை மைக்கா என்ற கனிமம் சிதைந்து நீரை விட, பாறை ஓரளவு உருகியது. அதுதான் டூர்மலின் என்ற கனிமம் கலந்த வெளிர் கிரானைட். வயது 2 கோடி ஆண்டுகளை ஒட்டி.

அப்போது சுண்ணாம்புக்கல்லுக்கும் கிரானைட்டுக்கும் நடுவே வடக்கு நோக்கிச் சற்றே சாய்ந்த ஒரு பெரும் பிளவு இயங்கியது. அதன் அடியில் சூடான பாறை தெற்கே பிதுங்கி மேலேற, மேலிருந்த குளிர்ந்த சுண்ணாம்புக்கல் அதனோடு பின்னர்தான் வந்து சேர்ந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள மஞ்சள் பட்டை மட்டும் சூட்டில் சலவைக்கல்லாகியிருக்கிறது.

கேள்வி: சாளக்கிராமமும் இதே பாறையா?

பதில்: இல்லை. அது நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் ஜுராசிக் காலக் கருங்களிப்பாறை உருண்டை. உள்ளே தெரியும் சுருள், அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு.